பதினாலு வீட்டுக் கரகரப்பு

மில் சங்கு ஊதுவதை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆன பிறகு, ஒரு புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமைக் காலையில், குழாயில் தண்ணீர் நின்று குடங்களெல்லாம் வீடு போய்ச் சேர்ந்த நேரத்தில், ஒன்றாம் வீட்டு வரதராசண்ணன் தன் பாட்டுப் பெட்டியைப் போட்டு, பாதியில் நிறுத்தி, மறுபடியும் போட்டு, "இதென்ன கருமம், கரகரங்குது" என்று சொன்னது, சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டாம் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த எனக்குக் கேட்டது. எங்கள் லைன் வீட்டில் எதுவும் எல்லோருக்கும் கேட்கும். பதினாலு வீட்டுக்கும் ஒரே ஓட்டுக் கூரை, ஒரே நீளச் சுவர், ஒரே குழாய். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த மூன்று வீட்டுக்குத் தும்மல் நிச்சயம்.

அந்தப் பெட்டி சாதாரணப் பெட்டி இல்லை. வரதராசண்ணன் மில்லில் எலெக்ட்ரிக் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடியதும் கையும் காலும் சும்மா இருக்க முடியாமல் பழைய ரேடியோக்களிலிருந்து இரண்டு கண்ணாடி வால்வுகளைப் பிடுங்கி, தகரம் வெட்டி, துளை போட்டு, தானே பற்றவைத்துச் செய்த ப்ரீ ஆம்ப் அது. டேப்ரெக்கார்டரிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தை வாங்கி, பதப்படுத்தி, பெரிய ஆம்ப்ளிஃபையர் கையில் கொடுப்பது அதன் வேலை. வால்வு இரண்டும் உள்ளே சிவப்பாக எரியும். அதன் வழியாக வரும் எந்தச் சத்தமும் நல்லெண்ணெய் தடவியதுபோல வழுவழுவென்று வரும். கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து கேட்டுவிட்டு, எங்களுக்கும் ஒன்று செய்து கொடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். அண்ணன் செய்து கொடுக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டி ஒரே ஒரு கேசட்டுக்காகச் செய்தது.

அந்தக் கேசட்டில் இருப்பது அவர் மனைவி நாயகியக்காவின் குரல். அக்காவுக்கு இப்போது குரல் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து, உயிர் பிழைக்க வேண்டுமானால் இதுதான் வழி என்று குரல் வரும் இடத்தையே அறுத்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு மாரியம்மன் கோயில் பூச்சாட்டுத் திருவிழாவுக்குக் கும்மி எடுத்துக் கொடுப்பது அக்காதான். நாற்பது பெண்கள் சுற்றி நின்று கை தட்டினாலும் நடுவில் அக்கா குரல் தனியாகத் தெரியும். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதை மூடி ஒரு வெள்ளைத் துணி, மடியில் ஒரு ஸ்லேட்டு. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு முறை கை தட்டுவாள். உலகத்தில் அவள் குரலில் மிச்சம் இருப்பது ஒன்பது நிமிஷக் கும்மிப் பாட்டு மட்டும்தான்.

தினமும் காலையில் குழாய் நின்றதும் அண்ணன் அந்தக் கேசட்டைப் போடுவார். அக்கா எதிரே முக்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்பாள். பாட்டு முடிந்த நொடியில் அண்ணன் டக்கென்று நிறுத்திவிடுவார், டேப் தேய்ந்துவிடும் என்ற பயம். அந்த ஒன்பது நிமிஷமும் லைனில் யாரும் மிக்ஸி போட மாட்டோம், குழந்தையை அடிக்க மாட்டோம். யாரும் சொல்லி வந்த வழக்கமில்லை, தானாக வந்தது. அந்தக் குரல்தான் புரட்டாசிச் செவ்வாயன்று தகரத்தில் ஆணியால் கீறினாற்போல வந்தது.

அண்ணன் பதறவில்லை. மில் ஃபிட்டர்களுக்கென்று ஒரு முறை உண்டு, அதை மில் மூடிய பிறகும் அவர்கள் விட்டதில்லை. நூல் அறுந்தால் கடைசி மெஷினில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பின்னால் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு பழுது எங்கே போகிறது என்று கவனிக்க வேண்டும். ஆனால் பஞ்சை மட்டும் வாயைத் திறந்து குறை சொல்லக் கூடாது. பஞ்சு முதலாளி பார்த்து வாங்கி வருவது. பஞ்சில்தான் கோளாறு என்று சொன்ன ஒரு ஃபிட்டர் மறுநாள் மில் கேட்டுக்கு வெளியே நின்றாராம். அதனால் எங்கள் ஆட்கள் நூற்கிற மெஷினைக் கழற்றுவார்கள், சீவுகிற மெஷினைக் கழற்றுவார்கள், கழற்றினதையே நாலு தரம் கழற்றுவார்கள், பஞ்சு மூட்டைப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார்கள்.

அந்த முறைப்படி அண்ணன் ஸ்பீக்கரைப் பார்த்தார், ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தார், இரண்டும் சரி. அடுத்து ப்ரீ ஆம்ப். கரகரப்பு வலது பக்கம் கூடுதலாக இருக்கிறது என்று தோன்றியதால், வலது வால்வைப் பிடுங்கி இடதில் செருகி, இடதை வலதில் செருகினார். பழுது வால்வில் இருந்தால் கரகரப்பு இடது பக்கம் போக வேண்டும். அது இடது பக்கம் போகவில்லை. சுவரைத் தாண்டி என் தொண்டைக்கு வந்தது.

நான் அப்போது வாசலில் கீரைக்காரம்மாவிடம், "ஏனுங், நேத்துக் குடுத்த கட்டுல பாதி பூச்சியுங்" என்று ஆரம்பித்தேன். பாதி வார்த்தை என் குரலிலும் மீதி வார்த்தை உடைந்த சல்லடையில் ஜல்லி சலிப்பதுபோலவும் வந்தது. கீரைக்காரம்மா ஒரு கட்டு சேர்த்துக் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாயகியக்கா பாட்டு தெளிந்த தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. அன்று முழுவதும் நான் அப்படித்தான் பேசினேன். வலியில்லை, காய்ச்சலில்லை. மறுநாள் விடியும்போது என் குரல் எனக்குத் திரும்பி வந்தது, கரகரப்பு அண்ணன் பெட்டிக்குத் திரும்பிப் போயிருந்தது.

அன்றைக்கு அவர் வால்வின் கால்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். கரகரப்பு மூன்றாம் வீட்டு மருதாசலத்துக்குப் போனது. அதற்கு மறுநாள் ஒரு கண்டென்சரை மாற்றினார், நாலாம் வீடு. எர்த் கம்பியை மாற்றினார், ஐந்தாம் வீடு. வால்யூம் திருகியை மாற்றியபோது ஆறாம் வீட்டில் மனிதர்களோடு நாயும் சேர்ந்து கரகரவென்று குரைத்தது. ஏழு நாளில் எங்களுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் ஒன்றை மாற்றினால் கரகரப்பு ஒரு வீடு தள்ளிப் போகும், ஒரு பகல் ஓரிரவு அங்கே தங்கும், அன்றைக்கு மட்டும் அக்கா குரல் சுத்தமாக இருக்கும்.

ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, மில்லை ஏன் மூடினார்கள் என்று கேட்டோமே, பதில் வந்ததா? குழாயடியில் கூட்டம் போட்டோம். மருதாசலம்தான் எங்கள் லைனுக்குத் தண்ணீர் முறை எழுதுகிறவர், எந்த வீடு எந்தக் கிழமை முதல் குடம் பிடிக்கிறது என்று அட்டையில் எழுதிக் குழாய்க்கு மேலே தொங்கவிட்டிருப்பார்.

"வரதண்ணன் கையைக் கட்டிப் போட முடியாதுங்க," என்றார் அவர். "அந்தக்காவுக்கு இருக்கறதே அந்த ஒம்பது நிமிசந்தான். நம்மளுக்கு ஒரு நாள் தொண்டைதான போவுது? முறை போட்டுக்கலாம்."

யாரும் மறுக்கவில்லை. தண்ணீர் முறைக்குக் கீழேயே கரகரப்பு முறையும் எழுதித் தொங்கியது. கல்யாணப் பேச்சு வைத்திருந்த வீட்டார் அடுத்த வீட்டோடு நாளை மாற்றிக்கொண்டார்கள். சண்டை போட வேண்டிய விஷயங்களைப் பெண்கள் தங்கள் முறை வரும்வரை சேர்த்து வைத்தார்கள், அந்தக் குரலுக்கு எதிரே நின்று பதில் சொல்ல யாராலும் முடியாது. வார்டு ஆபீசில் சாக்கடை பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அன்றைக்கு யார் முறையோ அவர்தான் போவார். இருபது வருஷமாக நாறிய சாக்கடையை ஒரே வாரத்தில் தூர்வாரினார்கள். பதினாலாம் வீடு அப்போது பூட்டிக் கிடந்தது. அதன் முறை வரும் நாளில் பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கும். தபால்காரர் ஒருமுறை, "வீட்ல ஆளிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, செருமலை ஆமென்று எடுத்துக்கொண்டு கடிதத்தைக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போனார்.

இப்படிச் சுற்று மேல் சுற்றாக ஓடியது. கார்த்திகை போனது, மார்கழி போனது. எங்களுக்கு அது பழகிவிட்டது. பழகாதது அண்ணனுக்குத்தான். மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றி முடித்து, புதிதாகப் போட்டதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டு, அதையும் எடுத்துவிட்டு மறுபடி புதியதைப் போட்டுக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போனது. விரலெல்லாம் சால்டரிங் சூடு பட்டுக் கொப்புளம். நாயகியக்கா தினமும் ஸ்லேட்டில் 'போதும்' என்று எழுதிக் காட்டுவாள். அவர், "இரு புள்ள, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்பார். அந்த ஒண்ணே ஒண்ணு தீரவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. குரல் சுத்தமாக வரும் நேரத்தில் அக்கா சும்மா உட்கார்ந்திருப்பாள். விடிந்ததும், அண்ணன் கை வைப்பதற்கு முன்னால், கரகரவென்று வருமே, அப்போதுதான் முக்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, காதைத் திருப்பி வைத்துக் கேட்பாள். ஜன்னல் வழியாக நான் எத்தனையோ நாள் பார்த்தேன். மருதாசலமும் பார்த்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவள் குரலைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்தோம், அவளை ஒருத்தரும் கேட்கவில்லை.

தை பிறந்ததும் பதினாலாம் வீட்டுக்கு ஜெசிந்தா சிஸ்டர் குடிவந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண், பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை வார்டில் பதினோரு வருஷமாக நர்ஸ். முறை விஷயத்தைச் சொன்னோம். சிரித்துக்கொண்டே, "சரிக்கா, எல்லாரும் எடுக்குறீங்க, நானும் எடுத்துக்குறேன்" என்றாள். அவள் முறை ஒரு வியாழக்கிழமை வந்தது. அண்ணன் அன்றைக்கு ஒரு ரெசிஸ்டரை மாற்றினார். ஜெசிந்தா குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு வார்த்தைதான் சொன்னாள். குடத்தை அப்படியே வைத்துவிட்டுக் கழுத்தில் கையை வைத்து, "ஆ" என்றாள். மறுபடி, "ஆ" என்றாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, இது மெசினு சத்தம்னு யாரு சொன்னது?"

"வரதண்ணன்தான். வால்வோ, கண்டென்சரோ..."

"இல்லக்கா. இது தொண்டை. வார்டுல தினம் கேக்குறேன். உள்ள கட்டி வளர ஆரம்பிக்குறப்ப வர்ற கரகரப்பு இது. மூணு வாரத்துக்கு மேல இருந்தா உடனே காமிக்கணும்னு வாசல்லயே எழுதிப் போட்டுருக்கோம். இது ஒரு பொம்பளையோட தொண்டை. யாரோடது?"

யாருடையது என்று எனக்குத் தெரியும். ஜெசிந்தா எனக்குக் காத்திராமல் லைன் முழுக்க நடந்து ஒன்றாம் வீட்டுக்குள் போனாள், பின்னாலேயே நானும் மருதாசலமும் போனோம், பார்த்தவர்கள் எல்லோரும் வந்து வாசலையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டார்கள்.

"அண்ணே, இந்தக் கேசட்டு எப்ப எடுத்தது?" என்றாள், அந்தக் கரகரத்த குரலிலேயே.

அண்ணன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சித்திரையில, பூச்சாட்டு முடிஞ்சு. பத்து வருசம் ஆகப்போகுது."

"எடுத்தப்பவே கரகரப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. அன்னிக்கே இருந்துச்சு. புதுசா செஞ்ச செட்டு, அப்படித்தான் இருக்கும். மேல் சத்தத்த அமுக்கறதுக்கு ஒரு கண்டென்சர் சேத்திப் பத்தவெச்சேன், சரியாப் போச்சு. அந்தக் கண்டென்சர்தான் இப்பச் செத்துப்போச்சாட்ட இருக்குது, எத்தனை புதுசு போட்டாலும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

"ஆபரேசன் எப்பண்ணே?"

"அதுக்கு அடுத்த வருசம் ஆவணியில."

ஜெசிந்தா விரல் விட்டு எண்ணினாள். பதினாறு மாசம். எண்ணி முடித்த விரலை மடக்கிக்கொண்டாள். மருதாசலம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"கேசட்டப் போடுங்கண்ணே," என்றாள் ஜெசிந்தா. "பாட்டு முடிஞ்சாலும் நிறுத்தாதீங்க."

அப்போது நாயகியக்கா முக்காலியிலிருந்து எழுந்தாள். எழுந்து வந்து டேப்ரெக்கார்டர் மேல் கையை வைத்துப் பொத்தி, வேண்டாம் என்று தலையாட்டினாள். பாட்டுக்குப் பிறகு கேசட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அண்ணன் ஒவ்வொரு காலையிலும் டக்கென்று நிறுத்தும்போது நிம்மதிப்பட்டவள் அவள்தான் என்று அந்த நிமிஷம்தான் எங்களுக்குப் புரிந்தது. அண்ணன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

ஒன்பது நிமிஷம் பாட்டு ஓடியது, ஜெசிந்தாவிடம் கரகரப்பு இருந்ததால் சுத்தமாக ஓடியது. கடைசிக் கைதட்டல் முடிந்தது. அண்ணனின் விரல் பழக்கத்தில் பொத்தானுக்குப் போய் நின்றது. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா இரைச்சல். பிறகு அண்ணன் குரல், பத்து வயது குறைந்த குரல்: "பாட்டு நல்லாத்தான் வந்திருக்குது நாயகி. மெசின்தான் கரகரங்குது. ஒரு கண்டென்சர் போட்டாச் சரியாப் போயிரும்."

அதற்கு அக்கா குரல், பாடாத குரல், சும்மா பேசுகிற குரல், நாங்கள் மறந்தே போயிருந்த குரல்: "மெசின் இல்லீங்க. எனக்குத்தான் பத்து நாளா தொண்டை ஒரு மாதிரி..."

டக்.

இப்போது யாரும் பொத்தானை அழுத்தவில்லை. அது பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் அழுத்தியது.

அண்ணன், "பஞ்ச நான் பாக்கவேயில்லயே மருதாசலம்" என்றார். மில்லில் அவரோடு ஃபிட்டராக இருந்த மருதாசலத்துக்கு மட்டும் அது முழுதாகப் புரிந்திருக்கும், அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு அண்ணன் தரையில் உட்கார்ந்து, அக்கா திரும்பப் போய் உட்கார்ந்த முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "அப்புறமாவது சொல்லியிருக்கலாமே புள்ள? ஒரு தரம் சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பனே?"

அக்கா குச்சியை எடுத்து எழுதினாள். எழுதியதை அவருக்கு மட்டும் தெரிகிறமாதிரி சாய்த்துப் பிடித்தாள், வாசலிலும் ஜன்னலிலும் ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் எச்சில் கூடத் தொடாமல் வெறும் உள்ளங்கையாலேயே அவசரமாகத் தேய்த்து அழித்தாள். தன் புருஷனை ஊர் முன்னால் விட்டுக்கொடுக்க அவளுக்கு அப்போதும் மனசில்லை. ஆனால் ஸ்லேட்டைச் சாய்த்த பக்கம் நான்தான் நின்றேன். நான் படித்துவிட்டேன். 'சொன்னேன். வைகாசியில ஒரு தரம். ஆடியில ஒரு தரம்.'

"ஆடியில," என்றார் அண்ணன். நினைவுக்கு வருவது முகத்தில் தெரிந்தது. "ஆடியில நான் ஸ்பீக்கர் மாத்திட்டிருந்தேன்."

மறுநாள் கரகரப்பு பெட்டிக்கும் திரும்பவில்லை, முறைப்படி என் வீட்டுக்கும் வரவில்லை. எந்த வீட்டுக்கும் வரவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. எங்களில் சிலர் விடியற்காலையில் எழுந்து, வந்திருக்காதா என்று தொண்டையைச் செருமிப் பார்த்தோம். ஒன்றுமில்லை, எல்லோருக்கும் எங்கள் சொந்தக் குரல்தான் இருந்தது, அது எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அண்ணன் கேசட்டை ஒரு வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டார். வால்வு எரிவதில்லை.

இப்போதெல்லாம் குழாய் நின்றதும் அவர் அக்காவுக்கு எதிரே தரையில் வந்து உட்கார்கிறார். கையைக் கட்டிக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு, "ஏதாச்சும் சொல்லோணுமா நாயகி?" என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்கிறார். வெயில் வாசல் நடையேறும் வரை கேட்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் குச்சி உரசுகிற சத்தம் வருகிறதா என்று நான் காதை வைத்துக் கேட்கிறேன். அக்கா எழுதுவதே இல்லை.